ஓர் ஆள் அளவு மௌனம்

"மேடம், அலமாரிக்குள்ள புதுசா ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று காது போனில் கேட்டபோது அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஒலிப்புத்தகத் தொழிலில் எல்லாரும் அவரைக் காது என்றுதான் சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், போனை எடுத்தால் "காதுதான் பேசறேன்" என்பார். அவள் வாசித்து அனுப்பும் பதிவில் மூச்சை வெட்டி, எச்சில் சத்தத்தை எடுத்து, வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைச் சீராக்கித் தருவது அவர் வேலை.

"ஒண்ணும் வைக்கலையே சார்."

"கம்பளி, மெத்தை, தலையணை?"

"போன வாரம் இருந்ததுதான் இந்த வாரமும் இருக்கு."

"அப்புறம் ஏன் மௌனம் மாறுது?"

அவள் குழாயை மூடினாள். ஒவ்வொரு நாளும் வாசிக்கத் தொடங்குமுன் மைக்கைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வெறும் அறையின் அந்த ஒலியைத் தனியாக அனுப்ப வேண்டும். பதிவில் வெட்டிய இடங்களை அதைக் கொண்டுதான் காது ஒட்டுப்போடுவார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. ஓர் அறையின் மௌனத்தை இன்னோர் அறையின் பேச்சுக்கு நடுவில் வைத்தால், வெளிறிய சட்டையில் புதுத்துணி வைத்துத் தைத்த மாதிரி தெரிந்துவிடும்.

"போன வார மௌனம் இந்த வாரத்துக்குப் பொருந்தல," என்றார் காது. "உங்க குரலும் முன்ன மாதிரி சுவத்துல பட்டுத் திரும்பி வரல. ஏதோ நடுவுல நின்னு குடிச்சிடுது. ஒரு பெரிய கம்பளி மூட்டை வெச்சா இப்படி ஆகும். இல்லன்னா ஒரு ஆள் நின்னா ஆகும்." பிறகு அவரே சிரித்தார். "யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா, சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவளும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது அவளுக்குக் கைவந்த வேலை.

படுக்கையறைச் சுவரோடு கட்டிய அலமாரி அது. ஓர் ஆள் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்காரலாம். அவள் பதிவு செய்வது அதற்குள்தான். இடது கம்பியில் அவள் உடைகள். வலது கம்பியில் அவள் புருஷனுடையவை. சட்டைகள், மடிப்புக் கலையாத கால்சட்டைகள், மழைக்காலத்துக்கான நீலக் கோட்டு. துணிக்குத் துணி நெருக்கமாகத் தொங்கினால் எதிரொலி வராது என்பதால் கல்யாணமான புதிதில் அவளுக்காக அவன் ஒதுக்கித் தந்த இடம். அலுவலகப் படிக்கட்டில் ஏறும்போதே அவன் சரிந்து விழுந்து போய்ச்சேர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. துணிகள் அப்படியே இருந்தன. பார்த்தவர்கள் அதை அன்பு என்று நினைத்தார்கள். எதிரொலிக்குப் பயந்துதான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். வலது கம்பி காலியானால் குரல் கிணற்றில் பேசுவதுபோல் ஆகிவிடும். கையில் இருந்த புத்தகத்தைப் பாதியில் நிறுத்த முடியாது.

அவன் போன அன்று அவள் அழவில்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, திருத்தமாக, ஒரு சொல்லும் தடுக்காமல் விஷயத்தைச் சொன்னாள். "செய்தி வாசிக்கற மாதிரி சொன்னா," என்று அவனுடைய அக்கா பிறகு எல்லாரிடமும் சொன்னாள். அது உண்மைதான். அதை மறுக்கும் அளவுக்குக்கூட அவளுக்குள் எதுவும் அசையவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்ட உதடு மாதிரி இருந்தது. அங்கே உதடு இருப்பது தெரியும், அவ்வளவுதான். ஒரே ஒரு இடம் மட்டும் மரத்துப்போகவில்லை. அது பொடிசு. ஏழு வயது மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக் கீழே போடும் சத்தம் கேட்கும்வரை அவள் முழுதாக மூச்சு விடுவதில்லை.

வாசித்துக்கொண்டிருந்த நாவலின் பெயர் 'அரைமாடி'. பதிப்பகத்திலிருந்து பிரதி வந்த அன்று முதல் மூன்று அத்தியாயங்களை அவள் நின்றபடியே படித்தாள். இன்றைய நகரம், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, வாடகைக் குடித்தனங்கள். எல்லாம் நமக்குத் தெரிந்த மாதிரிதான். ஆனால் அந்த நகரத்தில், செத்தவர்களில் யாருக்காக அவர்கள் வீட்டில் ஒருவரும் அழவில்லையோ அவர்கள் போவதில்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே யார் கண்ணுக்கும் படாத அரைமாடி ஒன்று இருக்கிறது, அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். கோபம் கிடையாது, பழிவாங்கும் எண்ணமும் கிடையாது. அவர்களுக்காக அழுதுவிட்டால் கிளம்பிப் போய்விடுவார்கள். அழும்வரை நிற்பார்கள். நின்று நின்று கால் வலித்தால் வீட்டிலிருக்கும் ஒருவருடைய இடத்தில் உட்காரப் பார்ப்பார்கள். இடம் போனவர் அரைமாடிக்குப் போய் நிற்க வேண்டும்.

மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு தையல்காரி வருகிறாள். புருஷன் செத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் வந்து நிற்கிறான். அழுதுவிடு என்கிறார்கள் பக்கத்து வீட்டார். எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. 'அன்று மாலை தையல்காரி கதவைச் சாத்திக்கொண்டு, அழுகிறவர்களைப் போல அழத் தொடங்கினாள்' என்று அத்தியாயம் முடிகிறது.

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். நான்காவது அத்தியாயத்தில் ஓர் இளைஞனுக்குச் சுரங்க ரயில்பாதையில் நெருப்பு வாள் கிடைக்கிறது. அதற்குப் பிறகு புத்தகம் முடியும்வரை இறக்கைகள், ரகசியக் கூட்டங்கள், மொட்டைமாடிச் சண்டைகள், காக்கைகளுக்கு ஒரு ராஜா. அரைமாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தையல்காரி திரும்ப வரவேயில்லை. இப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டு ஒருவர் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவாரா என்று அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தையே கொஞ்சம் ஆச்சரியத்தோடு தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு உள்ளே வந்த ஏதோ ஒன்று.

தையல்காரிக்கு என்ன குரல் கொடுப்பது என்று யோசித்துத் தன் சொந்தக் குரலையே கொடுத்தாள். செத்த புருஷனுக்கு அந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரிதான். 'கால் வலிக்குது. கொஞ்சம் நகர்ந்து உட்காரேன்.' ஆண் குரலுக்கு அவளிடம் நாலைந்து அச்சு உண்டு. முரட்டுக் குரல், அதிகாரி, கிழவர், கல்லூரிப் பையன். அன்று களைப்பாக இருந்தது. கைக்கு எட்டியது ஒன்றுதான். தன் புருஷன் பேசுகிற மாதிரி, வாக்கியத்தைத் தொடங்குமுன் ஒரு நொடி யோசித்து, கடைசிச் சொல்லை விழுங்கினாற்போல் சொன்னாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. வெளியே வந்தால் கதவில் சாய்ந்து பொடிசு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அப்பாவ இன்னொரு தடவ பேசச் சொல்லு."

"அது கதையில வர்றவர்டா."

"தெரியும். இருந்தாலும் சொல்லு."

அவள் சொன்னாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த வாரத்தில்தான் மௌனம் மாறத் தொடங்கியது.

பொடிசு வீட்டுப்பாடத்தை அலமாரிக் கதவடியிலேயே செய்ய ஆரம்பித்தாள். ரொட்டித் துண்டை அங்கேயே கொண்டுபோய்த் தின்றாள். கடைக்குப் போய்விட்டு ஒரு பிற்பகல் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது படுக்கையறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், குழந்தை தரையில் குப்புறப் படுத்துக் கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் விரல்களை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"யார்கூடப் பேசற?"

"பேசல. அப்பாதான் பேச மாட்டேங்கறாரே. சும்மா நிக்கறார்."

"எங்க?"

"நீலக் கோட்டுக்குப் பக்கத்துல. கால் வலிக்குதாம், பாவம்."

"பேச மாட்டேங்கறார்னு சொன்னியே."

"சொல்லலம்மா. தெரியுது."

பயம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று அவள் உள்ளே தேடிப்பார்த்தாள். குழந்தையை எழுப்பிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அலமாரிக் கதவை முழுக்கத் திறந்தாள். அந்துருண்டை வாசனை. அதற்கடியில் இஸ்திரி போட்ட துணியின் பழைய சூட்டு வாசனை. அதற்கும் அடியில், மழையில் நனைந்து வந்தவர் தோளிலிருந்து வருகிற மாதிரி லேசான ஈர வாசனை. வானம் வறண்டு கிடந்த நாட்கள் அவை.

எதிரொலியைச் சோதிக்கக் கையைத் தட்டிப்பார்ப்பது தொழிலில் எல்லாரும் செய்வதுதான். நாற்காலிக்கு முன்னால் தட்டினாள். ஒலி பின்சுவரில் பட்டு மெல்லியதாகத் திரும்பியது. இடப்பக்கம் தட்டினாள், திரும்பியது. வலப்பக்கம், சட்டைகளைத் தாண்டி, நீலக் கோட்டுக்கு அருகே கையைக் கொண்டுபோய்த் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

இரண்டு உள்ளங்கைகளும் மோதியது தோலுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். கோட்டை ஒதுக்கிப் பார்க்கலாம். ஒதுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் பொடிசுக்குத் தலைவாரிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்தாள். பள்ளித் தலைமையாசிரியை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டிலிருக்கும் எல்லாரும் நிமிர்ந்து உட்காரும்படி இருப்பாள். கையில் மடித்த அட்டைப்பெட்டிகள்.

"இன்னுமா அந்தத் துணியெல்லாம் தொங்குது?"

"புக்கு முடியட்டும் அக்கா. சத்தம் எதிரொலிக்கும்."

"என் தம்பி உனக்குச் சத்தம் வாங்கற பஞ்சாடி?" நாத்தனாரின் கண் சிவந்துவிட்டது. இவளுக்கு அழுகைதான் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிடறேன் கேட்டுக்கோ. பொடிசு டீச்சர் எனக்குப் போன் பண்ணினா. பிள்ளை கிளாஸ்ல உக்கார மாட்டேங்குதாம். நின்னுட்டே இருக்காம். கேட்டா, 'வேற ஒருத்தர் உக்காரணும், பழகிக்கறேன்'னு சொல்லுதாம்."

அவள் கையிலிருந்த டம்ளர் மேசையில் சற்று வேகமாக இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை வரேன். பெட்டி கட்டி வை. பொடிசு லீவு முழுக்க என்கூட இருக்கட்டும். இந்த வீட்டுல ஒரு மூச்சுகூடக் கேக்கல. நீ அழல, அதனால அதுவும் அழல. அழாத வீட்டுல பிள்ளை எப்படி வளரும்?"

"நான் அத்தை வீட்டுக்கு வர மாட்டேன்," என்றாள் பொடிசு. சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். "நான் போனா இடம் காலியாயிடும்."

"என்ன இடம்டி தங்கம்?"

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடாத ஒன்றைக் காப்பாற்றுகிற முகம்.

அன்று மாலையே அவள் நாவலாசிரியரைப் போனில் கூப்பிட்டாள். அவருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம்.

"ஆஹா, நீங்கதானா அந்தக் குரல்! அந்தக் காக்கை ராஜா வர்ற இடம் எப்படி இருக்கு, சொல்லுங்க. படிக்கும்போதே புல்லரிச்சிருக்குமே?"

"நல்லா இருக்கு சார். ஒரு சந்தேகம். மூணாவது அத்தியாயத்துல ஒரு தையல்காரி."

"யாரு?"

"தையல்காரி. புருஷனுக்காக அழ முடியாம, அழற மாதிரி அழறா. அப்புறம் என்ன ஆச்சு?"

எதிர்முனையில் ஏதோ கொறிக்கும் சத்தம் கேட்டது. "அடடே, ஆமா. அப்படி ஒருத்தி இருந்தா இல்ல? எனக்கே மறந்துபோச்சு, பாருங்க. நாலாவதுல கத்தி வந்துடுச்சு. கத்தி வந்தப்புறம் தையல் மிஷினை யார் தேடுவா?"

"அழற மாதிரி அழுதா அவன் போவானா, மாட்டானா?"

"நான் யோசிக்கலையே மேடம். சும்மா ஒரு அமானுஷ்யம் வரட்டுமேன்னு அந்த வரியப் போட்டேன். நல்லா இருந்துதா?"

"நல்லா இருந்தது. அதனாலதான் கேக்கறேன்."

"அப்போ ரெண்டாம் பாகத்துல வெச்சிடலாம். நீங்களே சொல்லுங்களேன், என்ன ஆகியிருக்கும்?"

"தெரியல சார்," என்றாள் அவள். "பாத்துட்டுச் சொல்றேன்."

சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் அவள் அழுகைக்காகக் காத்திருந்தாள். கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அவன் சவரம் செய்யும்போது பாடுவதை நினைத்துப்பார்த்தாள். மருத்துவமனையில் தந்த பையில் அவனுடைய செருப்பில் ஒன்று மட்டும் இருந்ததை நினைத்தாள். எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல் நடந்துவிட்டுப் போயின. பொடிசு ஜன்னலோரம் நின்று படம் வரைந்துகொண்டிருந்தாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

"உக்காந்து வரைடா."

"பரவால்லம்மா. பழகிடுச்சு."

பழகிடுச்சு. அந்தச் சொல் அவளுடைய விலா எலும்புக்குள் எங்கேயோ போய் நின்றது.

நாளை நாத்தனார் வருவாள். துணிகள் பெட்டிக்குள் போகும். அதற்குப் பிறகு அவன் எங்கே நிற்பான்? குழந்தையோடு போவானா, இங்கே இருப்பானா? அனுப்புவதென்றால் இன்றுதான் அனுப்ப வேண்டும். வராத அழுகையை எப்படி வரவழைப்பது? அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. இவ்வளவு எளிதான விஷயம் இவ்வளவு நேரம் தோன்றாமல்போனதுதான் வேடிக்கை. திரைப்படங்களுக்கு டப்பிங் பேசிய காலத்தில், கதாநாயகி அழும் காட்சிக்கு மட்டும் அவளைக் கூப்பிடுவார்கள். "வாடகைக்கு அழறவ" என்று அவன் கேலி செய்வான். அடிவயிற்றிலிருந்து காற்றை மூன்று துண்டாக உடைத்து விட வேண்டும். இரண்டாவது துண்டில் குரல் கீற வேண்டும். மூக்கு அடைத்ததுபோல் அண்ணத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். கேட்பவர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

"பொடிசு, கூடத்துலயே இரு. நான் கூப்பிடற வரைக்கும் உள்ள வராத."

"அப்பாவ அனுப்பப் போறியா?"

அவள் படுக்கையறைப் பக்கம் நடந்தாள்.

"நிக்கறவங்க எங்கயாச்சும் உக்காரணும்மா," என்றாள் குழந்தை, படத்திலிருந்து தலை தூக்காமல்.

அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலி. மைக். மைக் இல்லாமல் அவளுக்குக் குரல் எழும்பாது. பழக்கத்தில் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு ஒரு கடுகளவுக்கு எரிந்தது. வழக்கம்போல் முதலில் மௌனம். மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் ரத்தம் காதுக்குள் ஓடும் சத்தம், வெளியே எங்கோ ஒரு வண்டி பின்னோக்கி நகரும் சத்தம், கம்பியில் ஒரு கொக்கி லேசாக நகர்ந்து நின்ற சத்தம். ஈர வாசனை நெருங்கியிருந்தது. வலது தோளுக்குப் பின்னால் இருட்டு மற்ற இருட்டைவிடக் கெட்டியாக இருந்தது. அங்கே எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் இல்லாமல் இருப்பது அல்ல. இருந்த சத்தமும் போய்விடுகிற மாதிரி.

அவள் அழத் தொடங்கினாள்.

நன்றாக வந்தது. மூன்று துண்டாக மூச்சு உடைந்தது. குரல் கீறியது. அவனைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரைச் சொன்னாள். போயிடுங்க என்றாள். என்னை விட்டுட்டு எப்படிப் போனீங்க என்றாள். இரண்டுக்கும் ஒரே மூச்சு போதுமானதாக இருந்தது. கன்னம் காய்ந்தே இருந்தது. எந்த இடத்தில் ஏற்ற வேண்டும், எந்த இடத்தில் தேய்ந்து அடங்க வேண்டும் என்று அவளுக்குள் ஒருத்தி கணக்காகப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

கொக்கிகள் நகர்ந்தன.

ஒன்று. பிறகு வரிசையாக.

ஒரு கால்சட்டையின் முட்டி அவள் தோளை உரசியது. உரசி, தாண்டியது. கதவிடுக்கில் இருந்த வெளிச்சம் மறைந்தது.

மறுபடி வந்தது.

கதவு திறக்கவில்லை.

அவள் அழுகையை நிறுத்தினாள். கையைத் தட்டினாள். பின்சுவரிலிருந்து, இடப்பக்கத்திலிருந்து, நீலக் கோட்டுப் பக்கத்திலிருந்து, தெளிவாக, பழைய மாதிரி ஒலி திரும்பி வந்தது. ஈர வாசனை இல்லை. அந்துருண்டை மட்டும்.

போய்விட்டான்.

வழக்கம்போல் கொஞ்ச நேரம் மௌனம் பதியவிட்டாள். பிறகு அழுகைக்குப் பின்னால் பதிவான மௌனத்தையும் சேர்த்துக் காதுக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் விளக்குப் போட்டிருந்தது. பொடிசு சாப்பாட்டு மேசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருந்தாள். "கண்ணு" என்று உச்சந்தலையில் முத்தமிட்டாள். முட்டை வறுத்து ரொட்டியோடு வைத்தாள். குழந்தை தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஓரம் பிய்க்காமல், சிணுங்காமல், முழுவதும் தின்றாள். தின்று முடித்ததும் பின்னால் சாய்ந்து, மேசைக்கு அடியில் இரண்டு கால்களையும் நீட்டினாள். வெகுநேரம் நின்றுவிட்டு வந்தவர்கள் விடுகிற ஒரு நீளமான பெருமூச்சு விட்டாள். குனிந்து கெண்டைக்கால் இரண்டையும் மெதுவாகப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது.

"காதுதான் பேசறேன். என்ன மேடம், இப்படி அழுதுட்டீங்க? புக்குல இப்படி ஒரு இடம் இல்லையே. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, என் வீட்டுக்காரி வந்து என்ன ஆச்சுன்னு கேக்கறா."

"சும்மா ஒரு டேக் சார். மௌனம் சரியாயிடுச்சா?"

"அதான் சொல்ல வந்தேன். பெரிய அடைசல் போயிடுச்சு. அதைத் தூக்கி வெளிய வெச்சிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். ஆனா முழுசா சரியாகல."

"எப்படி?"

"மேல நல்லா இருக்கு. கீழதான் கொஞ்சம் குடிக்குது. பெரிசா இல்ல, சின்னதா. இப்ப..." அவர் உதாரணம் தேடினார். "ஒரு சின்னப் பிள்ளை நின்னா எவ்வளவு குடிக்குமோ, அவ்வளவு."

"எப்பலேர்ந்து?"

"உங்க அழுகை முடிஞ்ச இடத்துலேர்ந்து."

அவள் போனை மேசையில் வைத்தாள். காது இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தது அவளைப் பார்த்துப் பொறுமையாகப் புன்னகைத்தது.

படுக்கையறை. அலமாரிக் கதவு. திறந்தாள். தலைக்கு நேராகத் தட்டினாள், ஒலி திரும்பியது. மார்புக்கு நேராகத் தட்டினாள். திரும்பியது.

மண்டியிட்டாள்.

நீலக் கோட்டின் கீழ் ஓரத்துக்குப் பக்கத்தில். ஏழு வயதுப் பிள்ளையின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில்.

தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

"பொடிசு," என்றாள். அந்தச் சொல்லும் திரும்பவில்லை. கையை நீட்டினாள். விரலுக்குக் காற்று மட்டும் அகப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் காற்று அசையாமல், ரொம்ப ஒழுங்காக, கால் மாற்றாமல் நின்றுகொண்டிருந்தது. பழகிக்கொண்டதுபோல.

அப்போது அவளுக்குள் ஏதோ நடந்தது. வயிற்றிலிருந்து அல்ல. அண்ணத்தை யாரும் இறக்கவில்லை. மூன்று துண்டு இல்லை, கணக்கு இல்லை. விலாவுக்குள் மாதக்கணக்காகக் கெட்டித்திருந்த ஒன்று ஒரே இடியாக விரிந்து தொண்டைக்கு ஏறியது. கண்கள் சுட்டன. பார்வைக்கு முன்னால் கோட்டின் நீலம் கலங்கிக் குழைந்தது.

வருகிறது.

இவ்வளவு நாள் கழித்து, நிஜமாகவே வருகிறது.

அழுதுவிட்டால் கிளம்பிப் போய்விடுவார்கள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். உதட்டில் ரத்தம் உப்பாகக் கரித்தது. போகக் கூடாது. நின்றாலும் இங்கேயே நிற்கட்டும். கீழிமையில் நீர் திரண்டு நின்றது. சிமிட்டினால் விழும். சிமிட்டவில்லை. முகத்தை மேலே தூக்கி, கூரையைப் பார்த்தபடி, ஒரு துளியும் ததும்பிவிடாமல் இருக்கக் கழுத்தை விறைத்துக்கொண்டாள்.

பின்னால் தரையில் சின்னக் காலடிகள். அவசரமில்லாமல் வந்தன. ஒரு சிறிய கை அவள் முதுகில் படிந்து, மேலிருந்து கீழாக, ஆறுதலாகத் தடவியது.

"அழும்மா," என்றது அது. "அடக்காத. நல்லா அழுதுடு."

அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.